நாலு டிஸ்க், ரெய்டு 5 போட்டாச்சுன்னா பேக்கப் எதுக்கு?

8 மார்ச் 2025 – கேள்வி

4 டெராபைட் ஹார்ட் டிஸ்க் நாலு வாங்கி வைத்திருக்கிறேன். பதினைந்து வருஷத்துக் குடும்ப போட்டோ, வீடியோ, ஸ்கேன் செய்த பத்திரங்கள் எல்லாம் இப்போது மூன்று பழைய டிஸ்க்கில் சிதறிக் கிடக்கின்றன. நாலு டிஸ்க்கையும் ஒன்றாகச் சேர்த்து ஓட்டும் முறைக்கு ரெய்டு என்று பெயராம்; அதில் ரெய்டு 5 என்ற வகையைப் போட்டால் ஒரு டிஸ்க் போனாலும் ஒரு ஃபைல்கூடப் போகாது என்கிறார்கள். அப்படியானால் தனியாக பேக்கப் எதற்கு? இன்னொன்று, மதர்போர்டு பயாஸிலேயே, அதாவது மெஷின் தொடங்கும்போது வரும் செட்டிங் திரையிலேயே, ரெய்டு என்று ஒரு ஆப்ஷன் இருக்கிறது. அதையே ஆன் செய்துவிடலாமா?

8 மார்ச், இரவு

பேக்கப் வேண்டும். ரெய்டு போட்டாலும் வேண்டும்.

ரெய்டு காப்பாற்றுவது ஒரே ஒரு விபத்திலிருந்து: ஒரு டிஸ்க் தானாகச் சாவது. நீங்கள் தவறி ஒரு ஃபோல்டரை அழித்தால் நாலு டிஸ்க்கிலும் அந்த நொடியே அழியும். வைரஸ் வந்து ஃபைல்களைப் பூட்டினால் நாலிலும் பூட்டும். பவர் சப்ளை கெட்டு அதிக வோல்டேஜ் அனுப்பினால் நாலும் ஒன்றாகப் போகும், ஏனென்றால் நாலும் ஒரே பெட்டியில் ஒரே கம்பியில் தொங்குகின்றன. டிஸ்க் செத்த அன்றும் மெஷின் நிற்காமல் ஓடுகிறது, கடையைச் சாத்த வேண்டியதில்லை, அதுதான் ரெய்டு தரும் லாபம். பழைய நிலைக்குத் திரும்பிப் போகும் வழியை அது தராது.

கணக்கு: நாலு 4 டிபி டிஸ்க்கில் ரெய்டு 5 என்றால் 12 டிபி கிடைக்கும், ஒரு டிஸ்க் போகலாம். ரெய்டு 6 என்றால் 8 டிபி, எந்த இரண்டும் போகலாம். ரெய்டு 10-இல் டிஸ்க்குகள் ஜோடி ஜோடியாக ஒன்றின் பிரதியை இன்னொன்று வைத்திருக்கும், அதிலும் 8 டிபி; இரண்டு போகலாம், ஆனால் ஒரே ஜோடியில் உள்ள இரண்டும் போகக் கூடாது. ரெய்டு 0 பக்கம் போகவே வேண்டாம், அதில் ஒன்று போனால் எல்லாம் போச்சு.

போன டிஸ்க்கில் இருந்ததைத் திரும்பக் கணக்கிட உதவும் கூடுதல் பிட்டுக்குப் பேரிட்டி என்று பெயர். அது மந்திரம் இல்லை. மூன்று டிஸ்க்கில் ஒரே இடத்தில் இருக்கும் பிட்களைப் பாருங்கள்: 1, 0, 1. இதில் எத்தனை 1? இரண்டு, இரட்டைப்படை, ஆகவே பேரிட்டி 0. நடு டிஸ்க் செத்துவிட்டது என்று வையுங்கள். மிச்சம் 1, ?, 1, பேரிட்டி 0. மொத்தம் இரட்டைப்படையாக இருக்க வேண்டுமென்றால் அந்தக் கேள்விக்குறி 0-தான். இதையே கோடிக்கணக்கான தடவை செய்வதற்குப் பெயர்தான் ரீபில்டு. ரெய்டு 5-இல் இந்தப் பேரிட்டி ஒரே டிஸ்க்கில் குவியாமல் நாலிலும் மாறி மாறி உட்காரும்.

உங்கள் தேவைக்கு ரெய்டு 5 போதும் என்று நினைக்கிறேன்.

9 மார்ச்

மதர்போர்டு ரெய்டு பற்றி நேற்று சொல்ல விட்டுப்போனது. வேண்டாம். பெயருக்குத்தான் அது ஹார்டுவேர், பேரிட்டிக் கணக்கை எப்படியும் உங்கள் பிராசஸர்தான் போடுகிறது. டிஸ்க்குகள் எப்படிப் பிரிந்திருக்கின்றன என்ற குறிப்பு மட்டும் அந்த போர்டுக்காரர்களின் பாஷையில் எழுதப்படுகிறது. போர்டு எரிந்தால் அதே பாஷை தெரிந்த இன்னொரு போர்டைத் தேட வேண்டும்.

லினக்ஸில் எம்டிஏடிஎம் என்ற ரெய்டு மென்பொருளைப் போட்டால் அந்தக் குறிப்பு டிஸ்க்கிலேயே பொதுவான முறையில் இருக்கும். நாலு டிஸ்க்கையும் கழற்றி எந்த லினக்ஸ் மெஷினில் செருகினாலும் அது சேர்த்துக்கொள்ளும். செருகும் வரிசை மாறினாலும் பரவாயில்லை.

9 மார்ச், மதியம்

ஒருவர் திருத்தினார், சரியான திருத்தம். இன்டெல் போர்டுகள் எழுதும் குறிப்பை எம்டிஏடிஎம் படிக்கும். ஆகவே அந்த வகை போர்டு போனால் எல்லாம் போச்சு என்று நான் பயமுறுத்தியது அதிகம். என் சிபாரிசு மாறவில்லை, காரணம் மட்டும் கொஞ்சம் இளைத்துவிட்டது.

11 மார்ச்

யாரும் கேட்கவில்லை. ஆனால் இதைச் சொல்லாமல் டிஸ்க் எண்ணிக்கையையும் லெவலையும் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருப்பது தப்பு என்று தோன்றுகிறது.

என் முதல் ரெய்டு 5 மூன்று மாதம் முடமாக ஓடியது. எனக்குத் தெரியாது.

வேறு எதற்கோ டெர்மினலைத் திறந்தவன், பழக்கத்தில் ரெய்டின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் ஃபைலைப் பார்த்தேன். எல்லாம் நலமாக இருந்தால் டிஸ்க்குக்கு ஒன்றாக யு என்ற எழுத்து நாலு வரிசையாக நிற்கும். அன்று மூன்று யு, ஒரு அடிக்கோடு. மூன்றாவது இடத்தில் பல் விழுந்த மாதிரி ஓர் ஓட்டை. வெளியே போன டிஸ்க்கை எக்ஸாமின் கமாண்டில் கேட்டேன். ஒவ்வொரு டிஸ்க்கும் தான் கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்று தன் நெற்றியில் எழுதி வைத்திருக்கும். மற்ற மூன்றும் அன்றைய தேதி சொல்லின. அது மட்டும் மூன்று மாதத்துக்கு முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமையில் நின்றுபோயிருந்தது.

அந்த மூன்று மாதமும் போட்டோ ஏற்றினேன், வீடியோ பார்த்தேன், ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ரெய்டின் குணமே அதுதான்: அடி வாங்கினாலும் முகத்தில் காட்டாது. அந்த நாட்களில் இன்னொரு டிஸ்க் போயிருந்தால் 12 டிபியும் போயிருக்கும். ரெய்டு போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தில் நான் பேக்கப்பையும் தள்ளிப்போட்டிருந்தேன். அதனால்தான் உங்கள் கேள்வியைப் படித்ததும் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன்.

எம்டிஏடிஎம்மிலேயே கண்காணிக்கும் வசதி இருக்கிறது. அதன் கான்ஃபிக் ஃபைலில் மெயில் முகவரி ஒன்று கொடுத்தால், டிஸ்க் விழுந்ததும் கடிதம் வரும். நானும் முகவரி கொடுத்திருந்தேன். மெஷினிலிருந்து மெயில் வெளியே போக வழி செய்யவில்லை. கடிதம் எழுதப்பட்டது, அந்த மெஷினுக்குள்ளேயே ஒரு மூலையில் கிடந்தது. மானிட்டர் கமாண்டுக்கு டெஸ்ட், ஒன்ஷாட் என்று இரண்டு சேர்க்கைகள் உண்டு. போட்டால் ஒரு சோதனை மெயில் கிளம்பும். அது உங்கள் போனில் வந்து மணி அடித்தால்தான் முகவரி கொடுத்ததாக அர்த்தம்.

12 மார்ச்

அந்த டிஸ்க் என்ன ஆனது என்று இரண்டு பேர் கேட்கிறார்கள். டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. கேபிள்.

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே எழுதி வைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் 199-ஆம் எண் என்று ஒன்று உண்டு, டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவே போகும் வழியில் எத்தனை தடவை டேட்டா சிதைந்தது என்ற கணக்கு. அது நூற்றுக்கணக்கில் இருந்தது. 5, 197, 198 மூன்றும் சுத்தமாக 0. தட்டு கெட்டிருந்தால் அந்த மூன்றில்தான் தெரியும்: 5 என்றால் மாற்றிவைத்த செக்டர் (தட்டில் டேட்டா பதியும் சிறு துண்டு), 197 என்றால் தீர்ப்புக்குக் காத்திருக்கும் செக்டர், 198 என்றால் படிக்கவே முடியாதது. டிஸ்க்கை போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றினேன், 199 ஏறுவது நின்றுவிட்டது.

199 ஏறினால் ஏறினதுதான், கேபிளை மாற்றினாலும் 0-க்குத் திரும்பாது. எண்ணை எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த வாரம் மேலே போயிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

15 மார்ச்

முதல் நாள் ரெய்டு 5 போதும் என்று சொன்னேன். அதைத் திரும்பப் பெறுகிறேன்.

ரீபில்டு நேரத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒரு டிஸ்க் போனது. புது டிஸ்க்கை நிரப்ப, மிச்சமுள்ள மூன்றையும் தலையிலிருந்து வால் வரை படித்தாக வேண்டும். வினாடிக்கு 150 எம்பி என்று வைத்தால் 4 டிபிக்கு ஏழரை மணி நேரம். டிஸ்க்கின் உள்வட்டத்துக்குப் போகப் போக வேகம் குறையும், ஆகவே நிஜத்தில் இன்னும் கூடும். அந்த நேரம் முழுக்க உங்களுக்குக் கையிருப்பு எதுவும் இல்லை.

பல டிஸ்க்குகளின் விவரத்தாளில் ஒரு கோடி கோடி பிட்டுக்கு ஒன்று படிக்க முடியாமல் போகலாம் என்று போட்டிருக்கும். ஒரு கோடி கோடி பிட் என்றால் 12.5 டிபி. நாம் படிக்கப்போவது மூன்று டிஸ்க், 12 டிபி. ரீபில்டில் ஒரு பிழை வருவது கிட்டத்தட்ட நிச்சயம்.

ஆகவே ரெய்டு 6, அல்லது 10.

16 மார்ச்

நேற்று எழுதியதில் முடிவு சரி, கணக்கு சரியில்லை. ராத்திரி படுத்த பிறகு உறைத்தது.

என் மெஷினில் மாதா மாதம் ஒரு முழுச் சோதனை ஓடுகிறது. ஒவ்வொரு தடவையும் நாலு டிஸ்க்கும் ஓரம் வரை படிக்கப்படுகின்றன, 16 டிபி. நேற்றைய கணக்குப்படி ஒவ்வொரு மாதமும் ஒரு பிழையாவது வந்திருக்க வேண்டும். வருஷக்கணக்கில் ஒன்றுகூட வரவில்லை. விவரத்தாளில் இருப்பது இதற்கு மேல் போகாது என்கிற உச்சவரம்பு. அதைச் சராசரி மாதிரி எடுத்துப் பெருக்கினால் எந்த ரீபில்டும் முடியவே முடியாது என்றாகிவிடும். நிஜத்தில் தினமும் முடிந்துகொண்டுதான் இருக்கின்றன.

அப்படியும் ரெய்டு 6 என்பதில் நிற்கிறேன். ஒன்று, நாலு டிஸ்க்கும் ஒரே நாளில் வாங்கியவை, ஒரே பேட்சாக இருக்கலாம், ஒரே வெப்பத்தில் ஒரே மணிக்கணக்கு ஓடப்போகின்றன. ஒன்றுக்கு வயதானால் மற்றதற்கும் ஆகியிருக்கும். இரண்டு, அந்த எட்டு மணி நேரத்தில் ஆபத்து டிஸ்க்கிடமிருந்து மட்டும் வருவதில்லை, பெட்டியைத் திறக்கும் கையிடமிருந்தும் வரும். அதை விவரமாக எழுதுகிறேன், இன்று நேரமில்லை.

10-ஆ 6-ஆ என்று கேட்டவருக்கு: ரெய்டு 10-இல் ஒன்று போனபின் மிச்சம் மூன்று. அதில் குறிப்பிட்ட ஒன்று, அதாவது செத்ததன் ஜோடி, போனால் கதை முடிந்தது. 6-இல் எந்த ஒன்றும் போகலாம். வேகம் 10-க்கு, நிம்மதி 6-க்கு. போட்டோ வைக்க வேகம் எதற்கு?

20 மார்ச்

சொன்ன கதை.

அதே ரெய்டு 5, கேபிள் சம்பவத்துக்கு இரண்டு வருஷம் கழித்து. இந்த முறை மெயில் வந்தது, நிஜமாகவே ஒரு டிஸ்க் செத்திருந்தது. எஸ்டிசி என்ற டிஸ்க் விழுந்தது என்று மெயில் சொல்லிற்று. பெட்டிக்குள் நாலு டிஸ்க் ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கின்றன. ஏ, பி, சி, டி. மேலிருந்து மூன்றாவது. மெஷினை நிறுத்தாமலே கேபிளைப் பிடுங்கி, டிஸ்க்கை வெளியே இழுத்தேன்.

சுழலும் ஹார்ட் டிஸ்க்கைக் கையில் பிடித்துத் திருப்பிப் பார்த்திருக்கிறீர்களா? பம்பரம் மாதிரி எதிர்க்கும். நாம் ஒரு பக்கம் சாய்த்தால் அது வேறு பக்கம் மணிக்கட்டைத் தள்ளும். செத்த டிஸ்க்கோ முந்தின நாளிலிருந்தே சுழலாமல் டிக் டிக் என்று மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. என் கையில் இருந்தது மணிக்கட்டைத் தள்ளியது. இன்னும் சுழன்றுகொண்டிருந்தது. அந்த நொடியில் புரிந்துவிட்டது.

எஸ்டிசி என்பது பெட்டிக்குள் இருக்கும் இடத்தின் பெயர் இல்லை. மெஷின் பூட் ஆகும்போது எந்த டிஸ்க் எந்த வரிசையில் கண்ணில் பட்டதோ அந்த வரிசையின் பெயர். அடுத்த பூட்டில் மாறலாம். டிஸ்க்குக்கு உண்மையான பெயர் ஒன்றே ஒன்றுதான், அதன் சீரியல் எண். டிஸ்க் பை-ஐடி என்ற ஃபோல்டரில் எந்த எஸ்டி எந்த சீரியல் என்று தெரியும்.

நாலில் இரண்டு இல்லை என்றானதும் ரெய்டு விழுந்தது. ஃபைல்களை டிஸ்க்கில் அடுக்கி வைக்கும் ஃபைல் சிஸ்டம், எழுத மாட்டேன் என்று பூட்டிக்கொண்டது. திரை முழுக்கப் பிழை வரிகள். அதற்கப்புறம் நான் சரியாகச் செய்த ஒரே காரியம், அரை மணி நேரம் எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்தது. இணையத்தில் தேடினால் முதலில் கிடைத்த யோசனை, ரெய்டைப் புதிதாக உருவாக்கும் கிரியேட் கமாண்டை மறுபடி ஓட்டு என்பது. டிஸ்க் வரிசை, துண்டின் அளவு, டேட்டா தொடங்கும் இடம், இந்த மூன்றில் ஒன்று பழையதோடு ஒத்துப்போகாவிட்டாலும் அந்தக் கமாண்ட் நல்ல டேட்டாவின் மேல் குப்பையை எழுதிவிடும். தொடவில்லை.

நல்ல டிஸ்க்கை அதன் இடத்தில் மாட்டி, எக்ஸாமினில் ஈவென்ட் எண்களைப் பார்த்தேன். ரெய்டில் ஒவ்வொரு மாற்றம் நடக்கும்போதும் எல்லா டிஸ்க்கிலும் இந்த எண் ஒன்று கூடும். இரண்டு டிஸ்க்கில் 48216, நான் பிடுங்கியதில் 48209. ஏழுதான் வித்தியாசம். இவ்வளவு நெருக்கமாக இருந்தால் இருக்கும் டிஸ்க்குகளை ரெய்டாகச் சேர்க்கும் அசெம்பிள் கமாண்டோடு, கட்டாயப்படுத்தும் ஃபோர்ஸையும் சேர்த்துப் போடலாம். போட்டேன், மூன்றும் எழுந்து நின்றன. ஃபைல் சிஸ்டத்தைச் சோதித்ததில், அந்த நேரத்தில் எழுதிக்கொண்டிருந்த இரண்டு வீடியோ மட்டும் அரைகுறை. மற்றதெல்லாம் இருந்தது. முதல் வேலையாக எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் பிரதி எடுத்தேன், அதற்கப்புறம்தான் புது டிஸ்க்கைச் சேர்த்தேன்.

இன்று என் பெட்டியில் ஒவ்வொரு டிஸ்க்கின் முன்விளிம்பிலும் வெள்ளை ஸ்டிக்கர் இருக்கிறது. சீரியலின் கடைசி நாலு எழுத்து, கறுப்பு மார்க்கரில், பெரிதாக. டிஸ்க்கைக் கழற்றாமலே படிக்க முடிகிற இடத்தில் ஒட்டுங்கள். தயாரிப்பாளர் ஒட்டிய லேபிள் மேல் தகட்டில் இருக்கிறது, உள்ளே மாட்டிய பின் அதை யாராலும் படிக்க முடியாது.

20 மார்ச், பிற்சேர்க்கை

மெஷினை நிறுத்திவிட்டுக் கழற்றியிருந்தால் ஈவென்ட் எண் மாறியே இருக்காது, தப்பான டிஸ்க்கைத் திரும்பச் செருகினால் எதுவும் நடக்காத மாதிரி எழுந்திருக்கும். வீட்டு மெஷினை நிறுத்தக் கூடாது என்று என்ன சட்டம்? நிறுத்துங்கள்.

23 மார்ச்

கேள்வி கேட்டவர் டிஸ்க் மாடல் எண்களை அனுப்பியிருக்கிறார். நாலில் ஒன்று எஸ்எம்ஆர். அதை மாற்ற முடிந்தால் மாற்றுங்கள்.

எஸ்எம்ஆர் டிஸ்க்கில் ஓடு வேய்ந்த மாதிரி ஒரு தடத்தின் ஓரத்தில் அடுத்த தடம் ஏறி உட்காரும். அதனால் அதே தட்டில் அதிகம் அடங்கும். ஆனால் நடுவில் உள்ள ஓடு ஒன்றை மாற்ற வேண்டுமென்றால் மேலே உள்ள ஓடுகளையும் எடுத்து மறுபடி வேய வேண்டும். தினசரிப் புழக்கத்தில் இது தெரியாது, டிஸ்க் தனக்குள் ஓர் ஒதுக்கிடம் வைத்துச் சமாளித்துக்கொள்ளும். ரீபில்டு மாதிரி மணிக்கணக்கில் நிற்காமல் எழுதும்போது அந்த ஒதுக்கிடம் நிரம்பி, வேகம் படுத்துவிடும். எட்டு மணி நேரம் நாள்கணக்காகலாம். 2020-இல் ரெய்டுக்கென்றே விற்கப்பட்ட சில டிஸ்க்குகள் எஸ்எம்ஆர் என்பது வாங்கியவர்கள் சோதித்துப் பார்த்துத்தான் வெளியே வந்தது. அதற்குப் பிறகுதான் தயாரிப்பாளர்கள் மாடல் வாரியாகப் பட்டியல் வெளியிட்டார்கள். வாங்குமுன் அந்தப் பட்டியலைப் பாருங்கள்.

இன்னொரு விஷயம், இது பலரைக் கடித்திருக்கிறது. சாதா டெஸ்க்டாப் டிஸ்க் ஒரு செக்டரைப் படிக்க முடியாவிட்டால் விடாமல் மல்லுக்கட்டும், ஒரு நிமிஷம் இரண்டு நிமிஷம்கூட. தனியாக இருக்கும் டிஸ்க்குக்கு அதுதான் தர்மம், அதனிடம் மட்டும்தானே டேட்டா இருக்கிறது. லினக்ஸோ 30 வினாடிதான் பொறுக்கும். பதில் வரவில்லை என்றால் டிஸ்க்கே போய்விட்டது என்று முடிவு கட்டி வெளியே தள்ளும். ஒரு செக்டர் கோளாறுக்கு முழு டிஸ்க் வெளியே. ரெய்டுக்கான டிஸ்க் ஏழு வினாடியில் கைவிரித்துவிடும். ரெய்டு அந்தத் துண்டை மற்ற டிஸ்க்குகளிலிருந்து கணக்கிட்டு, அதே இடத்தில் திரும்ப எழுதிச் சரிசெய்யும்.

ஸ்மார்ட் பட்டியலைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் கமாண்டில் எஸ்சிடிஇஆர்சி என்று கேட்டால் உங்கள் டிஸ்க்கின் பொறுமை எவ்வளவு என்று சொல்லும். 70 என்று வைத்தால் ஏழு வினாடி, பத்தில் ஒரு பங்கு வினாடிக் கணக்கு அது. டிஸ்க் அதை ஏற்காவிட்டால் லினக்ஸின் பொறுமையை 30-இலிருந்து 180-க்கு ஏற்றுங்கள்.

24 மார்ச்

நேற்றையதில் முக்கியமான ஒன்று விட்டுப்போயிற்று. அந்த 70 பெரும்பாலான டிஸ்க்குகளில் கரண்ட் போனால் மறந்துபோகும். 180-உம் ரீபூட்டில் போய்விடும். இரண்டையும் பூட்டில் ஓடும் ஸ்கிரிப்டில் வையுங்கள்.

டிஸ்க்கைப் பார்ட்டிஷனாகப் பிரிக்கும்போது அதன் கடைசியில் 100 எம்பி காலியாக விடுங்கள். நாளை மாற்றாக வாங்கும் 4 டிபி இன்னொரு தயாரிப்பாளருடையதாக இருந்து, சில செக்டர் குறைந்தால் ரெய்டு அதைச் சேர்க்காது.

29 மார்ச்

எஸ்எம்ஆர் டிஸ்க்கை மாற்றிவிட்டாராம். ரெய்டு 6 உருவாக்கி, முதல் ஒத்திசைவும் முடிந்தது. இனி போட்டோக்களை ஏற்றலாமா என்று கேட்கிறார்.

ஏற்றாதீர்கள். இன்று உங்கள் ரெய்டு காலியாக இருக்கிறது. இந்த நாள் இனி வராது. எந்தத் தப்பு செய்தாலும் நஷ்டமில்லாத ஒரே நாள் இது. இதை நான் எனக்குச் செய்யாமல் விட்டுத்தான் டேட்டா நிறைந்த ரெய்டில் முதல் தடவையாகக் கற்றுக்கொள்ள நேர்ந்தது. ஒத்திகை பாருங்கள்.

இருநூறு ஜிபி அளவுக்கு எதையாவது ஏற்றி, எல்லா ஃபைலுக்கும் செக்சம், அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண், எடுத்து வேறொரு மெஷினில் வையுங்கள். மெஷினை நிறுத்துங்கள். ஸ்டிக்கரைப் பார்த்து ஒரு டிஸ்க்கின் கேபிளைக் கழற்றுங்கள். பூட் செய்யுங்கள். மெயில் வந்ததா? எம்டிஸ்டாட்டில் அடிக்கோடு எங்கே? மெயில் சொன்ன டிஸ்க்தானா நீங்கள் கழற்றியது? ரெய்டு எழுந்ததா, அல்லது எம்டி127 என்று புதுப் பெயரில் எழுந்ததா? பின்னது நடந்தால் கான்ஃபிக் ஃபைலில் ரெய்டின் அடையாளத்தை எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். எழுதி, பூட்டின் தொடக்கத்தில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறு தொகுப்பைப் புதுப்பியுங்கள். இந்த நிலையிலேயே கொஞ்சம் எழுதுங்கள், படியுங்கள், செக்சம் ஒப்பிடுங்கள். அப்புறம் டிஸ்க்கை மாட்டிச் சேர்த்து, ரீபில்டு எத்தனை மணி நேரம் என்று கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணைப் பெட்டியின் உள்பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். என் பெட்டியில் 8 மணி 20 நிமிஷம் என்று இருக்கிறது. நிஜமாக டிஸ்க் போகும் அன்று, ஐந்தாவது மணியில், ஏன் இன்னும் முடியவில்லை என்று பதறி ஏதாவது கமாண்ட் அடிக்காமல் இருக்க அந்த ஒரு வரி போதும்.

30 மார்ச்

ஒரே நிமிஷத்தில் ரீபில்டு முடிந்துவிட்டது என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறார். அது ரீபில்டு இல்லை. தப்பு என்னுடையது, பிட்மேப் பற்றிச் சொல்லவில்லை.

பெரிய ரெய்டுகளுக்கு எம்டிஏடிஎம் தானாகவே பிட்மேப் என்று ஒரு சிறு குறிப்பேடு வைக்கும். எந்தெந்தப் பகுதியில் எழுத்து நடந்தது என்ற கணக்கு அது. அதே டிஸ்க் திரும்பி வந்தால், அது இல்லாத நேரத்தில் மாறிய பகுதிகளை மட்டும் எழுதிக்கொடுக்கும். கேபிள் கழன்ற நாளுக்கு அருமையான வசதி. ஆனால் புது டிஸ்க் வாங்கிப் போடும் நாளுக்கு இது ஒத்திகை ஆகாது.

முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால் அந்த டிஸ்க்கை ரெய்டிலிருந்து நீக்கி, ஜீரோ-சூப்பர்பிளாக் கமாண்டால் அதன் நெற்றி எழுத்தை அழித்துவிட்டு, அந்நியன் மாதிரி உள்ளே கூப்பிடுங்கள். கமாண்ட் அடிக்குமுன் சீரியலைப் பாருங்கள். எஸ்டி பெயரை நம்பாதீர்கள், பை-ஐடி பெயரையே அடியுங்கள்.

31 மார்ச்

அவருக்கு முழு ரீபில்டு 7 மணி 55 நிமிஷம் ஆயிற்றாம், செக்சம் எல்லாம் சரி. இப்போது ஏற்றுங்கள்.

3 ஏப்ரல்

பேச்சு, ரெய்டும் ஃபைல் சிஸ்டமும் ஒன்றாக இருக்கும் இசட்எஃப்எஸ் பக்கம் திரும்பியிருக்கிறது. திரும்பட்டும், நியாயமான கேள்விதான்.

எம்டி ரெய்டுக்கு, அதாவது எம்டிஏடிஎம்மால் போடும் ரெய்டுக்கு, ஒரு குறை உண்டு. ஒரே டேட்டாவை இரண்டு டிஸ்க்கில் வைக்கும் மிரரில் இரண்டு பிரதியும் வேறு வேறாக இருந்தால் எது நிஜம் என்று அதற்குத் தெரியாது. படிக்க முடியவில்லை என்று டிஸ்க் சொன்னால் சமாளிக்கும். டிஸ்க் தைரியமாகத் தப்பான பதிலைக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளும். இசட்எஃப்எஸ் ஒவ்வொரு துண்டுக்கும் செக்சம் வைத்திருக்கிறது. பொய் சொன்ன பிரதியைக் கண்டுபிடித்து, நல்லதைக் கொண்டு திருத்தும். பழையதன் மேல் எழுதாமல் புது இடத்தில் எழுதிவிட்டு, டேட்டா எங்கே இருக்கிறது என்ற குறிப்பை மாற்றுவதால், எழுதும் நடுவே கரண்ட் போனால் டேட்டாவும் பேரிட்டியும் ஒத்துப்போகாமல் நிற்கும் பிரச்சினையும் அதில் இல்லை. எம்டிக்கு அது உண்டு. யுபிஎஸ் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் எம்டியில் இருப்பதற்குக் காரணம், டிஸ்க்கை ஒவ்வொன்றாகச் சேர்த்து வளர்க்க முடிந்தது. இசட்எஃப்எஸ்ஸின் சொந்த ரெய்டு வகையான ரெய்டு-இசட்டில் வெகுகாலம் அது முடியாமல் இருந்தது. 2025 ஜனவரியில் வந்த ஓப்பன் இசட்எஃப்எஸ் 2.3-இல் அந்த வசதி வந்துவிட்டது. ஆகவே என் காரணம் காலாவதி. இன்று புதிதாகத் தொடங்குகிறவர் கேட்டால் இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும் ரெய்டு-இசட் 2 என்றுதான் சொல்வேன் என்று நினைக்கிறேன். ஏற்கெனவே போட்டுவிட்டவர் கலைக்க வேண்டியதில்லை. பிடிஆர்எஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல் சிஸ்டத்தின் ரெய்டு 5, 6 மட்டும் வேண்டாம், முக்கியமான டேட்டாவுக்குப் பயன்படுத்தாதீர்கள் என்று அவர்கள் ஆவணமே எச்சரிக்கிறது.

ரெய்டு என்ற பெயரில் உள்ள ஐ என்ற ஆங்கில எழுத்து எதைக் குறிக்கிறது என்று இரண்டு பேர் வாதம் செய்கிறார்கள். இருவர் சொல்வதும் சரி. 1988-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் எழுதிய கட்டுரையில் அது 'விலை மலிவான' டிஸ்க். விலை அதிகமான ஒரு பெரிய டிஸ்க்குக்குப் பதில் மலிவான சிறு டிஸ்க்குகளை வரிசையாக வைக்கலாமே என்பதுதான் அவர்கள் கேள்வி. பிறகு அது 'தனித்தனி' டிஸ்க் என்று மாறியது. நமக்கு முதல் அர்த்தம்தான் பொருத்தம்.

6 ஏப்ரல், ஞாயிறு

ராத்திரி ஒரு மணிக்கு நாலு டிஸ்க்கும் தானாக உறும ஆரம்பித்ததாம், மெஷின் மெதுவாகிவிட்டதாம், பயந்துபோய் எழுதியிருக்கிறார். ஒன்றும் ஆகவில்லை. டெபியன் வகை லினக்ஸில் மாதத்தின் முதல் ஞாயிறு அன்று ரெய்டின் முழுச் சோதனை தானாக ஓடும். நான் 16-ஆம் தேதி சொன்னது இதைத்தான். யாரும் திறக்காத பழைய போட்டோ இருக்கும் மூலையில் ஒரு செக்டர் கெட்டிருந்தால், ரீபில்டு நாளில் கண்டுபிடிப்பதைவிட இன்று கண்டுபிடிப்பது மேல். முடியட்டும். முடிந்ததும் மிஸ்மேட்ச் எண்ணை, அதாவது டேட்டாவும் பேரிட்டியும் ஒத்துப்போகாத இடங்களின் கணக்கை, பாருங்கள், ரெய்டு 6-இல் அது 0-ஆக இருக்க வேண்டும்.

19 ஏப்ரல்

பேக்கப்புக்கு என்ன ஏற்பாடு என்று நான் திருப்பிக் கேட்டேன். வெளி டிஸ்க் ஒன்று வாரம் ஒரு முறை செருகி, பிரதி எடுத்து, பிடுங்கி அலமாரியில் வைக்கிறாராம். இரண்டாவது ஒன்றைத் தங்கை வீட்டில் வைக்கப்போகிறாராம். மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே என்று புகைப்படக்காரர் பீட்டர் க்ரோக் பரப்பிய கணக்குக்குக் கிட்ட வந்துவிட்டது. செருகியே வைக்காமல் பிடுங்கி வைப்பது ரொம்பச் சரி.

அந்த வெளி டிஸ்க்கிலிருந்து ஒரு வருஷத்து ஃபோல்டரை வேறு மெஷினில் இறக்கித் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரு முறை என் பிரதி ஸ்கிரிப்ட் ஒரு பெயரில் இருந்த இடைவெளியில் தடுக்கி, ஒரு முழு ஃபோல்டரை மாதக்கணக்கில் விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. இறக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

11 மே

விடியற்காலை 2:10-க்கு அவருக்கு மெயில் வந்திருக்கிறது, ஒரு டிஸ்க் விழுந்தது என்று. எழுந்து படித்துவிட்டு, மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பப் படுத்துவிட்டாராம். இதைப் படித்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்ல முடியவில்லை.

காலையில் ஸ்மார்ட் பார்த்திருக்கிறார். 5, 197, 198 எல்லாம் 0, 199 மட்டும் 61. ஸ்டிக்கரைப் படித்து, அந்த டிஸ்க்கின் சாட்டா கேபிளை மாற்றி, திரும்பச் சேர்த்ததில் பிட்மேப் புண்ணியத்தில் இரண்டு நிமிஷத்தில் நாலு யு-வும் வந்துவிட்டன.

அந்த 61-ஐ எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் 1 முதல் ஞாயிறு, சோதனை ஓடும். அது முடிந்தபின் 199 எவ்வளவு என்று பார்த்து இங்கே போடுங்கள். 61-இலேயே நின்றால் கேபிள்தான். ஏறியிருந்தால் அந்த டிஸ்க்கை போர்டின் வேறு போர்ட்டில் மாட்டிப் பார்க்க வேண்டும்.